ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுக்காதவன்

என் அன்பு மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? தங்கை புருஷன் என்பதால் ஊர் முன்னால் உன்னை “வாங்க மாப்ள, போங்க மாப்ள” என்றுதான் கூப்பிட்டேன். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் “டேய் செல்வம்”தான். இந்தக் கடிதமும் அப்படி வண்டிக்குள் உட்கார்ந்து பேசுவதுதான். ஆனால் இந்த முறை கண்ணாடியை இறக்கிவிட்டே பேசுகிறேன். ஊரும் கேட்கட்டும்.

வருகிற வியாழக்கிழமை நீ போய் ஒரு வருசம். உன் மகள் கவிதா திருச்சியிலிருந்து போன் போட்டாள். “மாமா, அப்பாவுக்கு மொத வருச நெனவஞ்சலி நோட்டீஸ் அடிக்கணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்க. நாலு வரி எழுதிக் குடுங்க மாமா” என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாலு வரி உனக்குத் தெரியாததா? எல்லா நோட்டீசிலும் அதேதான், போட்டோ மட்டும்தான் மாறும். ஆலமரமாய் இருந்தாய், அணையா விளக்காய் எரிகிறாய் என்று எழுதினேன். விளக்கு என்று எழுதியதும் கை நின்றுபோனது. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் கிழித்தேன். நோட்டில் பாதித் தாள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, உனக்கு நான் எழுத வேண்டியது அந்த நாலு வரி இல்லை என்று.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய அந்த டீசல் வேன் இன்னும் உன் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. மூன்று கை மாறி நம்மிடம் வந்த வண்டி. மீமிசலில் மீன் ஏற்றி, ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, அரிமளம், திருமயம் என்று பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டே போவோம். நீ ஸ்டியரிங், நான் பெட்டி. அந்த வண்டியின் மேல் வருகிற மீன் வாடையை வைத்தே திருமயம் பஸ் ஸ்டாண்டு நாய்களுக்கு நம்மைத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் வண்டி ஓட்டாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு விசயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நீ சிரிக்காதே. டீசல் எஞ்சினுக்குள் பெட்ரோல் வண்டி மாதிரித் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் பழசாகித் தேய்ந்துபோனால், குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூடு போதாது. அதற்காகத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக, பென்சில் பருமனில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறான். சாவியைப் பாதி திருப்பினால் பேட்டரி கரண்டில் அதன் நுனி சிவக்கும். சிவந்த பிறகுதான் சாவியை முழுசாகத் திருப்ப வேண்டும். இருபது விநாடி பொறுத்தால் போதும். அந்த இருபது விநாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பிளக் சூடாகும்வரை எரிய வேண்டிய சின்ன விளக்கு ஒன்று டேஷ்போர்டில் உண்டு. நாம் வாங்கும்போதே அது செத்துப்போயிருந்தது. மாற்றிவிடலாம்டா என்று சொன்னதற்கு, “அது வெறுமனே நேரம் பாக்குற லைட்டு மச்சான். பிளக்கு சூடாச்சா இல்லையான்னு அதுக்கு எங்க தெரியும்?” என்றாய். அதற்குப் பதில் நீ ஒரு வேலை செய்வாய். முதலில் தலைக்கு மேலே இருக்கிற உள் லைட்டைப் போடுவாய். பிறகு சாவியைப் பாதி திருப்புவாய். பிளக்குகள் கரண்டை இழுத்ததும் அந்த லைட் மங்கும். நன்றாக மங்கினால் நாலு பிளக்கும் இழுக்கிறது என்று அர்த்தம். லேசாக மங்கினால் ஏதோ ஒன்று போய்விட்டது. நெட் பார்த்துக் கற்றுக்கொண்டதும் இல்லை, எவனும் சொல்லித்தந்ததும் இல்லை. நீயாகப் பார்த்துக் கண்டுபிடித்தது.

லைட் மங்கியதும் அன்றைக்கு இறக்க வேண்டிய சரக்கை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பிப்பாய். “ஆவுடையார்கோவில்ல மெஸ்ஸுக்கு ஒரு பொட்டி சங்கரா, அறந்தாங்கில ரெண்டு பொட்டி நெத்திலி, அரிமளத்துல டீச்சர் வீட்டுக்கு ரெண்டு கிலோ எறா…” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி, திருமயத்தில் வந்து முடிப்பாய். முடிந்ததும் சாவியைத் திருப்புவாய். ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். மழைக்காலமென்றால் அந்தப் பட்டியல் இரண்டு தடவை.

நானோ அவசரக்குடுக்கை. “போதும்டா, அடி” என்பேன். “இரு மச்சான், இன்னும் அரிமளமே தாண்டல” என்பாய். எத்தனை நாள் உன்னை வைதிருப்பேன்! நீ ஒரு நாள்கூட அரிமளத்தோடு நிறுத்தியதில்லை.

என் அவசரம் அந்த வண்டிக்குப் புதுசும் இல்லை. ஒரு பிளக் போனபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்டார்ட் ஆனதும் வண்டி நொண்டும், சைலன்சரில் வெள்ளைப் புகை வந்து கண் எரியும், ஐந்து நிமிசம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். நீ டெஸ்ட் பல்பை எடுத்து ஒவ்வொரு பிளக்காக வைத்துப் பார்த்தாய். மூன்றில் எரிந்தது, ஒன்றில் எரியவில்லை. “எஞ்சின் சூட்டோட இருக்கும்போது மெதுவாத்தான் கழட்டணும், நுனி வீங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு நீ டீ வாங்கப் போனாய். நீ வருவதற்குள் நான் நீள ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தேன். பிளக் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுகொண்டது. எஞ்சின் தலையையே கழற்ற வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை. டீயை என் கையில் கொடுத்துவிட்டு நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இனிமே நீ ஸ்பேனரத் தொட்டா ஒங் கைய முறிச்சிருவேன் மச்சான்.” முறித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி அந்த நாள்.

புயல் எச்சரிக்கை என்று மூன்று நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. வண்டி மூன்று நாளும் மழையில் நனைந்து நின்றது. காலை ஆறு, ஆறேகால் இருக்கும். என் தங்கச்சி சரசு நனைந்துகொண்டே என் வீட்டுக்கு ஓடிவந்தாள். “அண்ணே, அவுக நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காக. பேச்சே வரமாட்டேங்குது. வாங்கண்ணே” என்றாள். ஆம்புலன்ஸுக்கு அவளே போன் போட்டுவிட்டாள். வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உன்னை நானும் பக்கத்து வீட்டுக்காரருமாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். அந்தக் குளிரிலும் உன் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தார்ப்பாயை எடுத்துவர ஓடினார். சரசு உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க உள்ளே போனாள். வண்டியில் நீயும் நானும் மட்டும்தான். கண்ணாடி ஏற்றியிருந்தது, மழைச் சத்தம் வேறு. அதன் பிறகு நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் சாவியைப் போட்டேன். உனக்கு அந்த வலியிலும் கை தானாக மேலே போனது. உள் லைட்டைப் போட்டாய். பளிச்சென்று எரிந்தது, மாப்பிள்ளை. நான் பார்த்தேன். சாவியைப் பாதி திருப்பினேன், லைட் நன்றாக மங்கியது. பேட்டரியில் கரண்டு இருந்தது. நாலு பிளக்கும் இழுத்தது. எல்லாம் சரியாக இருந்தது.

“பொறு மச்சான்” என்றாய்.

நான் பொறுக்கவில்லை. ஒரு மூச்சுக்கூட விட்டிருக்கமாட்டேன், சாவியை முழுசாகத் திருப்பிவிட்டேன். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியது. பிடிக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை போனது. மறுபடி அடித்தேன். மறுபடி. உன் முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கை நிற்கவில்லை. நாலு தடவையோ ஐந்து தடவையோ தெரியாது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். “டேய்… சூடாகட்டும்டா” என்றாய். உன் கையில் பலமே இல்லை. நான் அதைத் தட்டிவிட்டேன். “வாயப் பொத்திக்கிட்டுச் சும்மா இருடா” என்றேன்.

இருபத்தாறு வருசப் பழக்கத்தில் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். சும்மா இரு என்றேன். நீயும் அதற்கப்புறம் பேசவே இல்லை.

எஞ்சின் சுற்றுவது மெதுவானபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அப்புறம் பொறுத்தேன். பாதி திருப்பிவிட்டு உன் மாதிரியே இரண்டு தடவை பட்டியல் சொல்லும் நேரம் உட்கார்ந்திருந்தேன். பொறுத்து என்ன செய்ய? பேட்டரியில் இருந்ததையெல்லாம் நான் வெறுமனே சுற்றியே தீர்த்திருந்தேன். பிளக் சிவக்கக் கரண்டு இல்லை. உள் லைட் ஏற்கெனவே செத்த வெளிச்சத்தில் கிடந்தது. சாவியைத் திருப்பினால் டக், டக் என்றது, அவ்வளவுதான். தார்ப்பாய் எடுக்கப் போனவர் நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளிப் பார்த்தார். வேப்பமரத்தடிச் சேற்றில் சக்கரம் புதைந்துகொண்டது.

கடைசியில் அடுத்த ஊரிலிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைத் தொட்டுப் பார்த்த டாக்டர், “ஒரு அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த அரை மணி நேரம் எங்கே போனதென்று தெரியும்.

இதுவரை நான் செய்தது அவசரம். பதற்றத்தில் யாருக்கும் வரும் என்று நீயே எனக்குச் சமாதானம் சொல்லியிருப்பாய். அதற்கப்புறம் செய்ததற்கு உன்னிடம்கூடச் சமாதானம் இருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கேட்டார்கள், வண்டி வைத்திருந்தும் ஏன் இவ்வளவு நேரம் என்று. “பேட்டரி எறங்கிப்போச்சு” என்றேன். பொய்யில்லைதானே? சரசு அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஐயையோ! நேத்துச் சாயங்காலம் டார்ச்சத் தேடி நாந்தானே வண்டிக்குள்ள ஏறுனேன். உள் லைட்டப் போட்டேன். அமத்துனேனா? ராவெல்லாம் எரிஞ்சுதான் பேட்டரி எறங்கிப்போச்சா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க ஏறும்போது லைட்டு எரிஞ்சுக்கிட்டா இருந்துச்சு? நான் அமத்தலையாண்ணே?” என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை. நீ அமர்த்தியிருந்தாய், உன் புருஷன்தான் போட்டார், லைட் பளிச்சென்று எரிந்தது, எஞ்சின் கடகடவென்று சுற்றியது, நான்தான் பொறுக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உன் சரசு எப்படி இருக்கிறாள் என்று சொல்லவா? வீட்டில் எந்தச் சுவிட்சையும் அவள் ஒரு தடவையில் விடுவதில்லை. அமர்த்துவாள், போவாள், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள், மறுபடி போவாள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு மேலே ஒரு ஈரத்துணியைப் போட்டு வைக்கிறாள். கடைக்குக் கிளம்பினால் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி ஓடிவருகிறாள், எதையோ மறந்துவிட்டோம் என்று. துக்கம் கேட்க வந்த சனங்களெல்லாம் நல்ல மனசோடுதான் பேசினார்கள். “மறதி மனுசனுக்கு வாரதுதான சரசு, நீ என்ன வேணும்னா செஞ்ச?” என்றார்கள். ஒவ்வொருத்தர் அப்படிச் சொல்லும்போதும் அவள் முகம் சுருங்கும். பக்கத்திலேயே நான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாமென்று போகாமல் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு பொங்கல் கழியட்டும் என்றேன். ஒருநாள் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து, “சரசு, அந்த லைட்டு விசயமா ஒன்னு…” என்று தொடங்கியே விட்டேன். “வேணாம்ணே, நீங்களாச்சும் அதப் பேசாதீங்க. நீங்க ஒருத்தருதான் என்னைய ஒரு வார்த்த சொல்லாம இருக்கீக” என்றாள். சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன், மாப்பிள்ளை. அந்தச் சோறு எப்படி இறங்கியதென்று என்னைக் கேட்காதே.

என் பிழைப்பு எப்படிப் போகிறதென்றால், இப்போது வேறொருவரின் புது வண்டி ஓட்டுகிறேன். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பொறுக்கிற வேலையே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் சாவியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். முதலாளி ஜன்னலைத் தட்டி, “என்ன ஆறுமுகம், சாமி கும்புடுறியா?” என்கிறார். ஆமாங்க என்கிறேன்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சரசு நம் வண்டியை இத்தனை நாளாக விற்கவிடவில்லை. இப்போது பார்க்கவே முடியவில்லை, கொடுத்துவிடலாம் என்றாள். வாங்க வந்தவர் ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார். அதற்காக அறந்தாங்கியிலிருந்து மெக்கானிக் சகாயத்தைக் கூட்டிவந்தேன். அவர் வருகிற வழியெல்லாம் என் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான். பிளக் செத்திருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ செத்திருக்க வேண்டும். அன்றைக்கு லைட் மங்கியதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்ததையே மாற்றிக்கொள்ளலாமென்று நினைத்தேன். பிளக் செத்திருந்தால் எத்தனை நேரம் பொறுத்திருந்தாலும் பிடித்திருக்காது. என் கையும் தப்பும், சரசுவும் தப்புவாள். மீன் தண்ணியில் உப்புப் பூத்து, நாலு பிளக்கையும் சேர்க்கிற அந்தத் தகட்டு நட்டு அரித்துப்போயிருந்தால்கூடப் போதும் என்று நேர்ந்துகொண்டேன்.

சகாயம் புதுப் பேட்டரி ஒன்று கொண்டுவந்து மாட்டினார். தகட்டைக் கழற்றி உப்பைச் சுரண்டினார். “லேசாத்தான் பூத்துருக்கு, கரண்டு போகத் தடையில்ல” என்றார். டெஸ்ட் பல்பை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்தார். எரிந்தது. எரிந்தது. எரிந்தது. நாலாவதில் எரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதிலும் எரிந்தது. “சிலது பல்பு எரியும், சூடு ஏறாது. கழட்டியே பாத்துருவோம் சார்” என்று நானே சொன்னேன். சின்ன ஸ்பேனரைப் போட்டு, பொறுமையாக, ஒன்றொன்றாகக் கழற்றினார். வயரை வைத்துப் பேட்டரியில் கொடுத்தார். நாலும் நுனியிலிருந்து செக்கச்செவேலென்று சிவந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அருமையா இருக்குக்கா” என்று சரசுவிடம் சொன்னார். “ஓட்டுனவரு நல்லா வச்சிருந்துருக்காரு. இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு அவசரப்படாம ஹீட்டாக விட்டா போதும், எந்த மழையிலயும் எடுத்துரும்.” மாட்டினார், பாதி திருப்பினார், பொறுத்தார், அடித்தார். ஒரு வருசமாக நின்ற வண்டி, கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாங்க வந்தவர் சந்தோசமாகச் சிரித்து, வருசக் காரியம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் என்னிடம் வந்து, “அப்ப வண்டியில ஒரு கொறையும் இல்லண்ணே. நான் லைட்ட மட்டும் அமத்தியிருந்தா அவுக இருந்துருப்பாக” என்றாள். அழவில்லை. ஏதோ பரீட்சை முடிவு வந்த மாதிரிச் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, செல்வம். பக்கத்தில் ஆள் நிற்கிறார்களே என்று பார்த்தேன். என்னைவிடக் கேடுகெட்டவன் உண்டா?

இதோடு போயிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. என் யோக்கியதை அவ்வளவுதான். ஆனால் கவிதா இப்போது மாசமாக இருக்கிறாள். உனக்குப் பேரனோ பேத்தியோ வரப்போகிறது. இது ஒன்பதாம் மாதம். தலைப் பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். உன் வருசக் காரியம் முடிந்ததும் சரசு வந்து அழைத்துப்போவாள் என்று கவிதாவின் மாமியார் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரசு முடியாது என்கிறாள்.

முந்தாநாள் கவிதா என்னிடம் அழுதாள். “அம்மா என்னைய வர வேணாங்குது மாமா. அங்கிட்டே இருந்துக்க, இங்கிட்டு வராதங்குது. நான் என்ன மாமா தப்புப் பண்ணுனேன்?” என்றாள். நான் சரசுவிடம் போய்ச் சத்தம் போட்டேன், வெட்கமில்லாமல். “தலைப்புள்ளக்காரிய வராதன்னு சொல்ற தாய் ஒலகத்துல உண்டாடி?” என்றேன். அவள் கையிரண்டையும் என் முன்னால் நீட்டிக் காட்டினாள். “இந்தக் கைய நம்பி எப்புடிண்ணே அவளக் கூட்டியாரச் சொல்றீங்க? அவளுக்கு வலி வந்து துடிக்கும்போது நான் எதையாச்சும் மறந்து தொலச்சுட்டா? ஒரு உசுரு போனது போதும்ணே. அவ எங்கிட்டயிருந்து தள்ளி இருந்தாத்தான் பொழச்சுக் கெடப்பா” என்றாள்.

நாம் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்த பிள்ளை, தாய் வீடு இல்லாமல் பிரசவத்துக்குப் போகப்போகிறாள். நான் குனிந்த தலை அங்கே வரைக்கும் போய் இடிக்கிறது. இன்னும் எங்கெல்லாம் போகும்? அந்தக் குழந்தையைத் தொடவும் அவள் பயப்படுவாளோ? தொடாமலே செத்துப்போவாளோ?

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லமாட்டாய். என்னை ஒரு பார்வை பார்ப்பாய். அதற்குப் பயந்துதான் உன் போட்டோ இருக்கிற அறையில் நான் உட்காருவதில்லை. மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாயில்லை. தட்டிவிட்ட கைக்கா, சும்மா இரு என்றதற்கா, ஒரு வருசமாக உன் பெண்டாட்டியை எரியவிட்டு வேடிக்கை பார்த்ததற்கா? எதற்கென்று கேட்பேன்?

ஆகவே மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போகிறேன். அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்துத் தெரியாது. நானே படித்துக் காட்டுகிறேன், ஒரு வரி விடாமல். நீ பொறு என்று சொன்னதையும், நான் உன் கையைத் தட்டிவிட்டதையும் சேர்த்தே படிப்பேன். நீ கடைசியாகத் தண்ணி கேட்டாய் என்று அவளிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவும் பொய் என்று சொல்வேன். அவள் செருப்பைக் கழற்றினால் குனிந்து வாங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் நேராகப் பிரஸ்ஸுக்குப் போய், உன் போட்டோவுக்குக் கீழே அந்த நாலு வரிக்குப் பதிலாக இதையே போடச் சொல்வேன். லைட்டை அவள்தான் மறந்தாள் என்று ஊர் முழுக்க நம்புகிறது. அவளிடம் மட்டும் காதோடு சொன்னால் அது தீராது.

அவள் கவிதாவைக் கூட்டிவரச் சொன்னால், திருச்சிக்குப் போய் அழைத்துவர என்னை அனுப்பமாட்டாள் என்று தெரியும். வேறு யாராவது போகட்டும். பிள்ளை தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும். குழந்தை பிறந்ததை நான் ரோட்டில் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நாற்பத்தெட்டு வருசமாக ஒருத்தி என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்குப் பிறகு கூப்பிடமாட்டாள். அவளுக்கு நான் அண்ணன் இல்லையென்றால், உனக்கும் நான் ஒன்றுமில்லை. அதனால் நாளை விடிவதற்குள், கடைசியாக ஒரு தடவை இப்படி எழுதிக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
ஆறுமுகம்